பல்பு மங்கிய வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க்

போன மாதம் என் மகள் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "இடம் பத்தலைப்பா, பெரிய டிஸ்க்காப் போட்டுக் குடுங்க" என்றாள். ஓய்வு பெற்றபின் இப்படி யாராவது கேட்டால் ஒரு குஷி வரத்தான் செய்கிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திருகாணிகளைக் கழற்றி, அடிமூடியைத் திறந்தேன். உள்ளே டிஸ்க் என்று தனியாக ஒன்றும் இல்லை. சர்க்யூட் பலகையோடு பலகையாகப் பற்றவைத்து விட்டிருக்கிறார்கள். கழற்ற எதுவும் இல்லாத மெஷினை எதற்குத் திருகாணி போட்டு விற்கிறார்களோ!

எரிச்சலில் இதைப் பழைய சகாக்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டேன். அங்கே இன்றும் வேலையில் இருக்கும் இளவட்டங்கள் சிலர் பிடித்துக்கொண்டார்கள். கழற்ற ஏதாவது இருந்த காலத்தில் அப்படி என்ன செய்து கிழித்தீர்கள், எழுதுங்கள் என்கிறார்கள். சரி, எழுதுகிறேன். வீர சாகசம் எதிர்பார்ப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

டிப்ளமா முடித்தேன். கொஞ்ச காலம் ஸ்டெபிலைசர் கம்பி சுற்றினேன். எண்பதுகளின் நடுவில் மதுரையில் கம்ப்யூட்டர் விற்கும் ஒரு கம்பெனியில் சர்வீஸ் ஆளாகச் சேர்ந்தேன். பாளையம்பட்டிக்காரன் என்று தெரிந்ததும் அருப்புக்கோட்டை, பந்தல்குடி, திருச்சுழிப் பக்கத்தை மொத்தமாக என் தலையில் கட்டினார்கள். வேறு யாரும் அந்த வெயிலில் போக மாட்டேன் என்றுவிட்டார்களாம்.

அன்றைய ஹார்டு டிஸ்க் செங்கல் கனம் இருக்கும். உள்ளே தட்டு சுழலும். தட்டின் மேல் மயிரிழை உயரத்தில் ஒரு முனை மிதந்துகொண்டு எழுதும், படிக்கும். மெஷினை இடம் மாற்றுவதற்கு முன்னால் ஒரு கட்டளை கொடுத்து அந்த முனையை ஓரமாக ஒதுக்கி நிறுத்த வேண்டும். பந்தல்குடி ரோட்டில் ஒரு பஞ்சு மில்லில் இதைச் செய்யாமல் லோடுமேன்களை வைத்து மெஷினைத் தூக்கி அடுத்த அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். முனை தட்டில் இடித்து, உள்ளே ஒரே கீறல். "பச்சப்புள்ளயத் தூக்குற மாதிரிதான சார் தூக்குனோம்" என்று லோடுமேன் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். அவர் சொன்னது உண்மைதான். பிள்ளையைத் தூங்க வைக்காமல் தூக்கியதுதான் தப்பு என்று நான் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார், மேனேஜர்தான் சிரிக்கவில்லை.

எனக்கு மேலே இருந்தவர் வைத்தியநாதன். முழுக்கைச் சட்டை, கைப்பொத்தானை எந்த வெயிலிலும் அவிழ்க்க மாட்டார். அவரிடம் மூன்று பழக்கங்கள் உண்டு. மெஷினைத் திறக்கும் முன் முகர்ந்து பார்ப்பார். கழற்றும் திருகாணிகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போடுவார். முதலில் கழற்றியது முதல் குழி, கடைசியில் கழற்றியது கடைசிக் குழி, பூட்டும்போது பின்னாலிருந்து வர வேண்டும். டிஸ்க் ஓடும்போது திருப்புளியின் முனையை அதன் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக் கேட்பார். அப்போது மில் முதலாளியே பேசினாலும், "கொஞ்சம் பேசாம இருக்கீங்களா" என்பார். முதலாளிகள் பேசாமல் இருந்தார்கள். வாடிக்கையாளர் முன்னால் 'போச்சு' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "பாக்கலாம்" என்பார். எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்பதை அந்தப் 'பாக்கலாம்' எத்தனை மெதுவாக வருகிறது என்பதை வைத்து நாங்கள் கண்டுகொள்வோம்.

தொண்ணூறுகளின் நடுவில் லேப்டாப்புகள் எட்டிப் பார்த்தன. ஆடிட்டர் ஒருவர், மில்காரர்கள் இரண்டு பேர், துபாயிலிருந்து வந்தவர்கள் சிலர். வாங்கிய ஒரே வருடத்தில் டிஸ்க் நிரம்பிவிடும், பெரிதாக்கச் சொல்லி வருவார்கள். வேலை இதுதான்: முதலில் கரண்டைப் பிடுங்கு. அடுத்து பேட்டரியைக் கழற்று. இதை மறந்தவன் பலகையைச் சுட்டவன். பிறகு அடியில் இருக்கும் சின்ன மூடி. அதற்குள் தகரக் கூட்டில் டிஸ்க் உட்கார்ந்திருக்கும். நேராக இழுக்க வேண்டும்; கொஞ்சம் சாய்த்து இழுத்தாலும் தலைமயிர் மாதிரி இருக்கும் ஊசிகள் வளைந்துகொள்ளும், அப்புறம் குண்டூசியை வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டியதுதான். பழையதையும் புதியதையும் கம்பெனி அதற்குள் அருப்புக்கோட்டையில் போட்டிருந்த கிளை அலுவலகத்தில் இருந்த பெரிய மெஷினில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, அதிலிருந்து இதற்கு நகல் எடுப்போம். புதியதைப் பூட்டினால் சில பழைய மெஷின்கள், 'இவ்வளவு பெரிய டிஸ்க்கா, எனக்குத் தெரியாது' என்று பாதியைத்தான் கண்ணில் காட்டும். அதற்கு ஒரு தனி மென்பொருள் போட்டு ஏமாற்ற வேண்டும். ஏமாற்றியபின் ஒழுங்காக ஓடும்.

இந்த வேலையில் என்னைத் தண்ணி குடிக்க வைத்த கேஸ் தங்கம்.

தங்கத்தின் வீடு திருச்சுழியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துப் போகும் கரிசல் கிராமத்தில் இருந்தது. மழையை நம்பி விதைக்கிற குடும்பம். அப்பா இல்லை, அம்மாவும் அவளும்தான். சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப் போனதால் இரும்புச் சட்டம் மாட்டித்தான் நடப்பாள். திருச்சுழியில் தட்டச்சு படித்தவள். மதுரையில் ஒரு அச்சகம் கையெழுத்துப் பிரதியை அனுப்பிவைக்கும். இவள் வீட்டிலிருந்தே தமிழில் அடித்து, பக்கம் கட்டிக் கொடுப்பாள். சிங்கப்பூரில் இருந்த மாமன் மகன் தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்திருந்தான். பேட்டரி அப்போதே செத்திருந்தது. கரண்டு இருந்தால் மெஷின் உண்டு, இல்லையென்றால் இல்லை.

முதல் கோடையில் டிஸ்க் போயிற்று. படிக்க முடியாத இடங்கள் தட்டில் பரவியிருந்தன. மாற்றிக் கொடுத்தேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, ஒரு சத்தமும் இல்லை. மாசி பிறந்து காற்று காய ஆரம்பித்ததும் இரண்டாவது டிஸ்க்கும் அதே மாதிரி போயிற்று. அருப்புக்கோட்டையில் எங்கள் மேசையில் வைத்தால் மெஷின் சமர்த்தாக ஓடும். எதைச் சோதித்தாலும் குறையே காட்டாது. கீழே போட்டீர்களா என்று கேட்டேன். தங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் விழுந்தாலும் அதத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் சார் விழுவேன்."

வாரண்டியில் இரண்டாவதையும் மாற்றிக் கொடுக்கையில் வைத்தியநாதன் சொன்னார்: "இன்னொரு தடவ போச்சுன்னா எங்கிட்ட டிஸ்க் கேட்டு வராத. காரணத்தோட வா."

அந்தக் கோடையில்தான் அவளுக்குப் பெரிய வேலை வந்தது. மூலிகை அகராதி ஒன்று, தலையணை மொத்தம். ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் இனி அச்சகத்தின் தமிழ் வேலை முழுவதும் அவளுக்கே என்று சொல்லியிருந்தார்கள். அது நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் முடிவாகி இருந்தது. கோவில்பட்டியில் கடை வைத்திருந்த அண்ணன் முருகேசன், கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அவர் மனைவியும் கடையில் நிற்பதால் மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் தேவைப்பட்டது.

சித்திரை வெயில். தங்கம் ஊர் போன் பூத்திலிருந்து கூப்பிட்டாள்.

"சார், டிக்கு டிக்குன்னு சத்தம் வருது. ஆனா ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அம்மாவப் பக்கத்துல உக்கார வச்சிட்டு வந்திருக்கேன். அணச்சிரவா?"

"தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். அந்தச் சத்தம் வந்த டிஸ்க் ஒருமுறை சுழல்வதை நிறுத்தினால் மறுபடி எழாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருப்பதை எடுத்தால்தான் உண்டு. "பிளாப்பியில எடுத்து வச்சிருக்கீங்களா?"

"வச்சேன் சார். போட்டுப் பாத்தா ஒன்னுமே படிக்க மாட்டேங்குது."

பிளாப்பி அப்படித்தான். அந்த ஊர்ப் புழுதியில் நல்ல பிளாப்பியைப் பார்த்தவர் யார்? மதுரையில் இருந்த வைத்தியநாதனுக்குப் போன் போட்டேன். காரணம் இன்னும் தெரியாது, ஆனாலும் புது டிஸ்க் ஒன்று வேண்டும் என்றேன்.

"எடுத்துட்டுப் போ" என்றார். "பாக்கலாம்" என்று சொல்லவில்லை. அது எனக்கு என்னவோ செய்தது.

புது டிஸ்க்கை எங்கள் அலுவலக லேப்டாப்பில் பூட்டி, இரண்டு மெஷின்களையும் பிரிண்டர் துளை வழியாக இணைக்கும் வயரோடு பஸ் ஏறினேன். வீட்டுக்குப் போனபோது உச்சி வெயில். முன்னறையில் முருகேசன் பையோடு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே கூட்டிப் போகிற மாதிரி வந்திருந்தார்.

"நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. செத்த மெஷினக் கட்டிக்கிட்டு அழுவுறா. எங்க வீட்டுல சோறு இல்லையா?"

"சோறு இருக்குண்ணே" என்றாள் தங்கம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சோத்தோட வேலையும் இருக்கு. ஒம்பிள்ளைக மூணையும் நான்தான் தூக்கணும்."

"தூக்குனா என்ன, தேஞ்சா போயிருவ?"

நான் திருப்புளியைக் காதுக்குப் பின்னால் வைத்துக் கேட்டேன். தட்டு சுழல்கிறது, முனை தடுமாறுகிறது. வயரை மாட்டினேன். எந்தக் கோப்பு முதலில் வேண்டும் என்றேன். எழுத்துக்கு ஒன்றாக வைத்திருந்தாள்: அ ஒரு கோப்பு, ஆ ஒரு கோப்பு. வரிசையாகவே எடுக்கலாம் என்றாள். அ வந்தது. ஆ வந்துகொண்டிருந்தபோது தலைக்கு மேலே பல்பு மங்கி, மெழுகுவர்த்தி அளவுக்கு வந்தது. திரை நடுங்கிற்று. டிஸ்க் டிக், டிக் என்று இடித்துக்கொண்டது. நல்லவேளை, பல்பு மறுபடி கொஞ்சம் ஏறியது.

சமையலறையிலிருந்து அம்மா அலட்சியமாகச் சொன்னார்: "எர்த்துக்குத் தண்ணி ஊத்தி ரொம்ப நாளாச்சு. அதான் மங்குது."

"என்னது?"

"பின்னால குழியில தம்பி. தண்ணி ஊத்துனா பல்பு பளிச்சுன்னு எரியும்ல. இங்க எல்லா வீட்டுலயும் அப்பிடித்தான்."

பின்னால் ஓடினேன். பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் குழாய் மண்ணில் புதைந்திருந்தது. வீட்டிலிருந்து தடித்த வயர் ஒன்று வந்து அதில் இறுகியிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். கம்பத்திலிருந்து வீட்டுக்கு இரண்டு கம்பி வர வேண்டும், ஒன்றுதான் வந்தது. திரும்பிப் போக வேண்டிய கம்பி எந்தக் காலத்திலோ அறுந்து விழுந்திருக்கிறது. உள்ளூர் வயர்மேன் அதற்குப் பதிலாகப் பூமியையே கம்பியாக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

அடப்பாவிகளா! மண் ஈரமாக இருக்கிற வரை அந்த வீட்டில் கரண்டு உண்டு. மண் காய்ந்தால் கரண்டும் காயும். ஐப்பசியில் மெஷின் ஏன் ஓடியது, மாசியில் ஏன் செத்தது என்று எனக்கு அந்த நிமிடம் விளங்கியது. பல்பு மங்கும்போதெல்லாம் மெஷின் பொட்டென்று அணைந்திருக்கிறது. முனை எழுதிக்கொண்டிருக்கும்போதே தட்டில் விழுந்திருக்கிறது. எத்தனை தடவையோ! இரண்டு டிஸ்க்கை மாற்றிக் கொடுத்த நான் பல்பு எப்படி எரிகிறது என்று ஒருமுறையும் கேட்கவில்லை. அது ஒரு கேள்வி என்றே யாருக்கும் தோன்றவில்லை. பல்பு மங்கினால் தண்ணி ஊற்றுவது அவர்களுக்கு அடுப்பு அணைந்தால் ஊதுகிற மாதிரி சாதாரண விஷயம்.

"முன்னெல்லாம் பாத்திரம் கழுவுன தண்ணியே போதும்" என்றார் அம்மா. "இப்பக் கழுவ ஏது தண்ணி? சாம்பலப் போட்டுத் தொடச்சுக் கமுத்தி வைக்கேன். பஞ்சாயத்துக் குழாயி வந்து எம்புட்டோ நாளாச்சு."

குழியைச் சுற்றி மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. லைன்மேனைக் கூப்பிட்டால் இன்றைக்கு வரப்போவதில்லை. மெஷினை அணைத்துத் தூக்கிப் போகவும் முடியாது. நகல் எடுத்து முடியும்வரை அந்தக் குழி ஈரமாக இருக்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். குடிப்பதற்கு ஒரு குடம். அது போக, கொட்டத்தில் நின்ற பசுவுக்காக அரிசி களைந்த தண்ணியும் கஞ்சித் தண்ணியுமாகச் சேர்த்துவைத்த ஒரு தொட்டி.

"காலையில இருந்து அது வாய் நனைக்கல தம்பி" என்றார். சொன்னாரே தவிர, ஏற்கனவே தொட்டிப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

"ஒரு கை உப்பும் போடுங்கம்மா. வெறுங்காலோட குழிக்கிட்ட போகாதீங்க, கரண்டு இழுத்துரும். ரப்பர் செருப்பப் போட்டுக்கிட்டு, தள்ளி நின்னே ஊத்துங்க."

நான் உள்ளே, அவர் வெளியே. பல்பு இறங்கும்போது "மங்குது" என்று குரல் கொடுப்பேன். ஒரு செம்புத் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். பல்பு ஏறும். இ வந்தது, உ வந்தது, ககர வரிசை வந்தது. தங்கம் வாய்க்குள் ஒவ்வொரு எழுத்தாக எண்ணிக்கொண்டிருந்தாள். வெளியே முருகேசன் குரல் உயர்ந்தது.

"ஏம்மா, ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? வாயில்லா ஜீவன் காஞ்சுபோயி நிக்குது, அத விட்டுட்டுத் தரையில கொட்டுற?"

அடுத்த செம்பு விழுந்தது. பசு ஒருமுறை கத்திற்று. தகர வரிசை நடக்கும்போது பல்பு மறுபடி இறங்கியது. "மங்குது" என்றேன். சத்தம் வரவில்லை. "மங்குதும்மா!" என்றாள் தங்கம். எழ முயன்றாள்; இரும்புச் சட்டம் நாற்காலியில் மாட்டிக்கொண்டது. அம்மா சமையலறைக்குள் வந்து குடிதண்ணீர்க் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்களைப் பார்க்காமல் வெளியே போனார்.

பகர வரிசையில் கொஞ்சம் படிக்க முடியாமல் போனது. மற்றதெல்லாம் வந்துவிட்டது. கடைசிக் கோப்பு விழுந்ததும் மெஷினை அணைத்தேன். சோதிப்பதற்காக மறுபடி போட்டேன். டிஸ்க் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுபோனது. தங்கம் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். பகர வரிசைக்காக அழுகிறாள் என்று நினைத்து, கையெழுத்துப் பிரதி இருக்கிறதே, அதை மட்டும் திரும்ப அடித்துவிடலாம் என்றேன். "அதுக்கில்ல சார்" என்றாள்.

முருகேசன் பையை எடுத்துக்கொண்டார். "இப்ப நடந்துச்சு. இது எத்தன நாளைக்குன்னு பாக்குறேன். அடுத்த மாசம் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

புது டிஸ்க்கை அவள் மெஷினில் பூட்டிக் கொடுத்தேன். அந்தப் பகர வரிசையோடு அகராதியையும் முடித்து அனுப்பினாள். அச்சகம் சொன்ன சொல் மாறவில்லை. அடுத்த கட்டுப் பிரதி உடனே வந்தது. நான் திருச்சுழி மின்வாரிய அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். அறுந்த கம்பியைப் போடுவோம், கம்பி வரட்டும் என்றார்கள். வைத்தியநாதனிடம் காரணத்தைச் சொன்னபோது முழுவதும் கேட்டுவிட்டு, "தண்ணியா?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் எந்த ஊரிலிருந்து யார் போன் செய்தாலும், மெஷினைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், "உங்க வீட்டுல பல்பு எப்படி எரியுது?" என்று கேட்பார். புதிதாகக் கேட்பவர்கள் அவருக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்தார்கள்.

செத்த டிஸ்க்கை அதைத் தயாரித்த கம்பெனிக்கு அனுப்புவதற்கு வாடிக்கையாளர் கையெழுத்து வேண்டியிருந்தது. அதற்காக மறுபடி அந்த ஊருக்குப் போனேன். மழை வரவில்லை, கம்பியும் வரவில்லை. ஆனால் உள்ளே பல்பு பளிச்சென்று எரிந்தது. தங்கம் அடித்துக்கொண்டிருந்த சத்தம் வாசல்வரை கேட்டது. பின்னால் அம்மா ரப்பர் செருப்போடு நின்று, அரிசி களைந்த தண்ணியைக் குழியில் நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தார். கொட்டம் காலியாக இருந்தது.

"மாடு எங்கம்மா?"

"வித்துட்டேன் தம்பி. ரெண்டுக்கும் ஊத்தத் தண்ணிக்கு எங்க போறது?"

கம்பி எப்படியும் வந்துவிடும், கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாமே என்று உளறினேன்.

"அடுத்த மாசம் வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்ல அவ அண்ணன்" என்றார். பாத்திரத்தைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் குழியில் விட்டார். "மாடு போனா மழ பேஞ்ச பெறகு இன்னொன்னு வாங்கிக்கிறலாம். இவள அங்க பிள்ள தூக்க விட்டுட்டு, நான் எங்க போயி வாங்குவேன்?"